பேயனைக் கூப்பிட்ட சத்தம்

ஆள் இருக்கிற வீட்டு நாய் நம்மைப் பார்த்துக் குரைக்கும். பூட்டிய வீட்டு நாய் யாரையும் பார்த்துக் குரைக்காது. கொஞ்சம் குரைக்கும், நிறுத்தும், பதில் ஏதும் வருகிறதா என்று காது கொடுக்கும், பிறகு மறுபடி ஆரம்பிக்கும். எல்லைக் கிளர்ச்சி நடந்த அந்த வருடங்களில் பாறசாலையிலிருந்து குன்னத்துகால் வரை என் கால் மிதிக்காத வரப்பு இல்லை. அந்தக் குரைப்பைக் கேட்காமல் வீடு திரும்பிய நாட்களும் குறைவு.

நான் மிஷன் ஆஸ்பத்திரியில் பேறு பார்க்கும் நர்ஸாக இருந்தேன். ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களைத் தேடி வீடு வீடாகப் போவது என் வேலை. பிராணிகள் மேல் பெரிய பிரியமெல்லாம் எனக்குக் கிடையாது. இதை இப்போது சொன்னால் யாரும் நம்புவதில்லை. பூனை மடியில் ஏறினால் தட்டிவிடுகிற ஆள்தான் நான். ஆனால் ஒரு வீட்டில் ஒரு பெண் வலியில் கத்திக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டில் ஒரு நாய் தாகத்துக்குக் கத்திக்கொண்டிருந்தால், இரண்டையும் கேட்கிற காது ஒன்றுதானே. ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு வர எனக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

எங்கள் பகுதி தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஒரு கூட்டம், சேரக் கூடாது என்று ஒரு கூட்டம். ஊர்வலம், மறியல், கைது. ஆண்களைத் தேடிப் போலீஸ் வருகிறது என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், குடும்பம் குடும்பமாகக் கதவைப் பூட்டிக்கொண்டு விளவங்கோட்டுப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். பசுவை ஓட்டிக்கொண்டு போவார்கள். ஆட்டை இழுத்துக்கொண்டு போவார்கள். கோழியைக் காலைக் கட்டித் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு போவார்கள். பாலும் முட்டையும் தராத நாயும் பூனையும் முற்றத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்.

நாயைக் கட்டிப்போட்டுவிட்டுப் போனவர்கள் கெட்டவர்கள் இல்லை. சாயங்காலம் வந்துவிடலாம் என்று நினைத்தவர்கள்தான் கட்டிப்போட்டார்கள். இனி எப்போது வருவோமோ என்று சந்தேகப்பட்டவர்கள் அவிழ்த்துவிட்டார்கள். அதனால் நம்பிக்கை இருந்த வீட்டு நாய்கள்தான் முதலில் செத்தன. இதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

முதலில் நான் எடுத்தது ஒரு பூனை. பூட்டிய அடுக்களை ஜன்னலின் கம்பிக்கு நடுவே தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு மாட்டிக்கொண்டிருந்தது. அதே தெருவில் நான்கு வீடு தள்ளி ஒரு பேறு முடித்துவிட்டு வந்துகொண்டிருந்தேன். கையில் தேங்காய் எண்ணெய் இருந்தது. பிள்ளையின் தலையை எப்படித் திருப்பி எடுப்பேனோ அப்படியே அதன் தலையையும் திருப்பி எடுத்தேன். கையைக் கீறிவிட்டது. சவம் என்று திட்டிவிட்டு, அதைப் பையில் போட்டுக்கொண்டு, பேறு பார்த்த வீட்டுக்கே திரும்பிப் போனேன்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பேறு பார்த்தவளை வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள். உடுக்க முண்டு கொடுப்பார்கள், அரிசியும் தேங்காயும் கொடுப்பார்கள், வசதி இருந்தால் ஒரு கோழி. அவள் வாய் திறந்து ஏதாவது கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் பிள்ளைக்கு ஆகாது. அந்த வீட்டு ஆள் கோழியோடு நின்றுகொண்டிருந்தார்.

"கோழி வேண்டாம். ஒரு வயித்துக்குக் கூடச் சோறு போடுவியளா?" என்று கேட்டேன்.

"அதுக்கென்ன நர்சம்மா, பாவப்பட்ட பிள்ள ஏதாவது உண்டா? கூட்டிட்டு வாங்க" என்றார்.

பையைத் திறந்தேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். ஆனால் வாக்கு கொடுத்தாயிற்று, உள்ளே பிள்ளை கிடக்கிறது. பூனை அங்கேயே தங்கிவிட்டது.

அன்றிலிருந்து அதுவே என் வழியாகிவிட்டது. பேறு பார்த்த வீடுகளில் ஆளுக்கொன்றாக விட்டுவந்தேன். நல்ல காரியம் என்று யாராவது புகழ்ந்தால் எனக்கு எரிச்சல் வரும். அது நல்ல காரியம் இல்லை, மிரட்டல். பெற்றுக் கிடக்கிற பெண்ணை முன்னால் வைத்துக்கொண்டு அவள் வீட்டாரை மிரட்டுவது. ஆனால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

எல்லாம் நின்று நிலைக்கவும் இல்லை. ஒரு மைனாவை அதியன்னூரில் மலையாளம் பேசுகிற ஒரு வீட்டில் கொடுத்தேன். ஒரே வாரத்தில் கூண்டோடு திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். முந்தைய வீட்டில், போலீஸ் வந்து கேட்டால் 'அப்பா இங்க இல்ல' என்று சொல்லும்படி பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு வந்ததோ இல்லையோ, மைனாவுக்கு நன்றாக வந்துவிட்டது. புது வீட்டு மனிதர் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார். பேச வந்தவர்கள் படியேறும்போதே மைனா, "அப்பா இங்க இல்ல" என்றதாம். அப்பா அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவருக்கு முடிந்தது.

என் வீட்டுக்காரர் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். இடம் கிடைக்காதவை எல்லாம் எங்கள் முற்றத்தில் கிடந்தன. அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. சாப்பிட உட்காரும்போது சுற்றிப் பார்த்துவிட்டுத் தட்டை மடியில் எடுத்து வைத்துக்கொள்வார். ஊர்தான் பேசியது. தமிழ்க்காரர் வீட்டு நாய்களைக் காப்பாற்றுகிறாள் என்று ஒரு பக்கம். தமிழ்க்காரர் நாய்களை மலையாளத்தார் வீட்டில் கொண்டு தள்ளுகிறாள் என்று இன்னொரு பக்கம். நாய்க்குக்கூட எந்தப் பக்கம் என்று கேட்கிற காலமாக இருந்தது. எனக்கு அதையெல்லாம் கேட்க நேரம் இல்லை. காலையில் ஒரு பேறு, மத்தியானம் ஒரு பேறு, நடுவில் கஞ்சித் தண்ணீருக்காக வீடு வீடாக நிற்பது. முட்டுக்குக் கீழே கால் என்னுடையதா என்று சந்தேகம் வரும். ஜெபத்தில்கூட, இன்றைக்கு ஒரு நாளாவது எதுவும் குரைக்காமல் இருக்கட்டும் என்றுதான் கேட்டிருக்கிறேன்.

அப்படி இருந்த சமயத்தில்தான் அந்தப் பெண் வந்தாள். அந்தக் காலத்தில் அரசாங்க எழுத்து வேலையான ராயசம் பார்த்த பெரிய சைவக் குடும்பத்து மருமகள். ஏழு மாதம். வயிற்றைப் பார்த்த உடனே கணக்குப் போட்டுவிட்டேன். அவள் கணவன் கிளர்ச்சியில் இருந்தவன், எங்கே ஒளிந்திருக்கிறான் என்று அவளுக்கே தெரியாது. மாமனார் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிறார். அவள் விளவங்கோட்டில் தாய்வீட்டுக்குப் போகிறாள். கையில் கயிறு, கயிற்றின் முனையில் ஒரு நாய்.

"எங்க அப்பா பூசை உள்ளவரு அக்கா, நாய முற்றத்துல கேறவிட மாட்டாரு. இவன நீங்க வச்சுக்கிடணும். பிள்ள பெத்து, தொண்ணூறு நாள் கழிஞ்ச உடனே நான் வந்து கூட்டிட்டுப் போவேன்."

"எனக்கக் கிட்ட வாற நாயெல்லாம் வேற வீட்டுக்குப் போவும் பிள்ளே. நான் வளக்குதவ இல்ல" என்றேன்.

"இவன யாருக்கும் குடுத்துராதிய." அழுதுவிடுவாள் போலிருந்தது. "வேற எனக்கு ஒண்ணும் வேண்டாம். அவிய எங்கன்னு தெரியல. வீடு போச்சு. இவன் ஒருத்தன் இருக்கான்னு இருந்தா நான் அங்க போயி பிள்ள பெத்துக்கிடுவேன்."

பேறு பார்க்கிறவளுக்கு இது பழகிய பேச்சு. பயந்த பெண்கள் எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொள்வார்கள், ஒரு துணி, ஒரு படம், ஒரு கை. இவள் ஒரு நாயைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சரி என்றேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அவன் பெயர் பேயன். எங்கள் ஊரில் பேயன் பழம் என்று ஒரு வாழைப்பழம் உண்டு. குட்டையாக, தடித்து, தோலின் மேல் சாம்பல் பூசினாற்போல் இருக்கும். குட்டியாக இருந்தபோது இவனும் அப்படித்தான் இருந்தானாம். பேயன் என்றால் கிறுக்கன் என்றும் அர்த்தம் உண்டே. "நாய்க்குப் பேரு பேயன். வளக்குதவ பேயி" என்றார் என் வீட்டுக்காரர். நாள்பட நாள்பட அவரே அவனுக்கு மீன்முள்ளை எடுத்துத் தனியாக வைத்தார். மற்றவை எல்லாம் வந்து போய்க்கொண்டிருந்தன. பேயன் மட்டும் இருந்தான். இவனுக்கு இடம் தேட வேண்டாம் என்பதே எனக்கு ஒரு ஓய்வாக இருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

இரண்டு மாதம் கழித்து விளவங்கோட்டிலிருந்து ஆள் மூலம் சேதி வந்தது. ஆண்பிள்ளை, இருவரும் சுகம், பேயனை நன்றாகப் பார்த்துக்கொள்ளவும். பிள்ளை பிறந்த சேதியில் பாதி நாயைப் பற்றி இருந்தது.

அந்த மாதம்தான் கோட்டுகால் பக்கத்திலிருந்து பேப்பட்டிப் பேச்சு கிளம்பியது. வெறிநாயை மலையாளத்தில் பேப்பட்டி என்பார்கள். எங்கள் பேச்சிலும் அதுதான். யாரையோ கடித்ததாம், இங்கே வந்ததாம், அங்கே போனதாம். யாரும் பார்க்கவில்லை, எல்லோரும் கம்பு வைத்திருந்தார்கள். அனாதையாகத் திரிந்த நாய்களுக்கு அதோடு முடிந்தது. நான் பேயனைக் கட்டியே வைத்திருந்தேன். தொண்ணூறு நாள் கழிய இன்னும் ஏழெட்டு வாரம்தான், அதுவரை உயிரோடு இருந்துவிடு என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

ஒரு நாள் காலை ஒன்பது மணி இருக்கும். வீட்டுக்காரர் பள்ளிக்கூடம் போய்விட்டார். ஒரு பேற்றுக்கு ஆள் வந்து கூப்பிட்டார். தலைப்பிள்ளை, பனிக்குடம் உடைந்தாயிற்று. பையை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனேன். வழியில் ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகக் கலுங்கு கட்டிக்கொண்டிருந்தார்கள். வடக்கே எங்கிருந்தோ வந்த மலையாளத்து வேலைக்காரர்கள், ஐந்தாறு பேர். அவர்களைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்பேன், பின்னால் கழுத்துமணிச் சத்தம். திரும்பிப் பார்த்தால் பேயன். கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு, அறுந்த முனை தரையில் இழுபட, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்து ஓடி வருகிறான்.

பேறு வீட்டுக்கு நாயோடு போக முடியாது. கம்பு வைத்திருக்கிற ஊருக்குள் அவனை ஓடவும் விட முடியாது. நின்ற இடத்தில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் போய்ப் பிடித்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். கையை ஆட்டிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினேன்.

"பேயா! எலே பேயா! நில்லு! பேயா!"

அவன் நின்றான். கலுங்குப் பக்கத்தில், அந்த வேலைக்காரர்களுக்கு நாலடி முன்னால், சொன்ன இடத்தில் நின்று வாலை ஆட்டினான். ஒருவன் மண்வெட்டியோடு எழுந்து வந்தான். ஒரே அடி.

அதற்குள் நான் ஓடிப் போய்விட்டேன். அடித்தவனுக்கு முப்பது வயது இருக்கும். என்னைப் பார்த்துப் பதறிப்போய்க் கேட்டான்.

"கடிச்சோ சேச்சீ? எவிடயெங்கிலும் கடிச்சோ?"

அவன் என் காலைப் பார்த்தான், கையைப் பார்த்தான். "பேடிக்கண்டா, சத்து. சேச்சி தன்னெ அல்லே விளிச்சு கூவியது, பேயா, பேயான்னு?" என்றான். பயப்பட வேண்டாம், செத்துவிட்டது, நீங்கள்தானே அப்படிக் கத்திக் கூப்பிட்டீர்கள் என்று.

அப்போதுதான் என் காதில் என் சத்தம் விழுந்தது. வெறிக்கு மலையாளத்தில் பே என்று பெயர். பேயா என்றால், பே பிடித்த நாய் இது என்று அர்த்தம். ஒரு பெண்பிள்ளை கையை ஆட்டிக்கொண்டு பேயா பேயா என்று அலறுகிறாள், அவளை நோக்கி அறுந்த கயிற்றோடு, நாக்கைத் தொங்கப் போட்டபடி ஒரு நாய் ஓடுகிறது. நல்ல மனம் உள்ள எவனும் செய்கிறதைத்தான் அவன் செய்தான். எனக்கு இரண்டு மொழியும் தெரியும். சந்தையில் ஒன்று, வேதக்கோயிலில் ஒன்று, நினைத்த இடத்தில் மாறிப் பேசுவேன். ஆயிரம் தடவை கூப்பிட்ட பெயர். ஒரு தடவைகூட அந்தப் பக்கத்துக் காதால் அதை நான் கேட்டுப் பார்க்கவில்லை.

அவனிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவனும் எத்தனை நாளைக்குச் சுமந்திருப்பானோ. கடிக்கவில்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். பனிக்குடம் உடைந்த பெண் காத்திருந்தாள். பேயனை அங்கேயே விட்டுவிட்டுப் போனேன். பெண்பிள்ளை பிறந்தது, நல்லபடியாக. அந்த வீட்டார் என்ன வேண்டும் என்று கேட்டார்கள். ஒன்றும் வேண்டாம் என்றேன். திரும்பி வரும்போது கலுங்குப் பக்கம் புது மண் போட்டு மூடியிருந்தது.

ஊருக்குச் சேதி என்னைவிட வேகமாகப் போயிருந்தது. நர்சம்மா வளர்த்த நாய்க்குப் பே. மறுநாள் காலை எங்கள் வாசலில் ஒரு சாக்குப்பை அசைந்துகொண்டிருந்தது. திறந்தால், முதன்முதலில் எண்ணெய் போட்டு எடுத்தேனே, அந்தப் பூனை. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. சிலர் கொண்டுவந்து விட்டார்கள், சிலர் விரட்டிவிட்டார்கள், சிலர் அவர்களே முடித்துவிட்டார்கள். நான் வீடு வீடாக ஏறி இறங்கினேன். "அது பேயில்ல, பேயனாக்கும். வாழப்பழம். பேயன் பழம்" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. சிரித்தவர்கள் உண்டு. சிரித்துவிட்டு, பூனையைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்டுக்கொள் என்றார்கள். தேவையில்லை என்றேன். பே இருக்கிறவள் கையால் பிள்ளை எடுக்க எந்த வீடு கூப்பிடும் என்று கேட்டார்கள். நியாயம்தான். போட்டுக்கொண்டேன். நான் ஊசி போட்டுக்கொண்டதைப் பார்த்த பிறகு, இன்னமும் நம்பாமல் இருந்தவர்களும் நாய்க்குப் பே இருந்தது உண்மைதான் என்று நம்பிவிட்டார்கள். வயிறு வீங்கி, குனிய முடியாமல், மிச்சமிருந்த பூனைக்குக் கஞ்சித் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு அலுத்துப்போய் நான் நின்றதே இல்லை.

தொண்ணூறு கழிந்து அவள் வந்தாள். அதற்குள் எல்லையும் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. விளவங்கோடு அந்தப் பக்கம், தமிழ்நாட்டோடு; நாங்கள் இந்தப் பக்கம், மலையாளத்தாரோடு. பஸ்ஸிலிருந்து இறங்கி, தோளில் பிள்ளையோடு வெயிலில் நடந்து வந்தாள். கையில் புதுக் கயிறு இருந்தது. முற்றத்தில் காலை வைக்கும்போதே, "பேயா!" என்று கூப்பிட்டாள்.

ஒரு பொய் தயாராக வைத்திருந்தேன். தூரத்தில் நல்ல வீடு, தினம் மீன், பெரிய முற்றம். எத்தனையோ பேரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன். கயிற்றைப் பார்த்த பிறகு அது வாயில் வரவில்லை. அவளை உட்காரவைத்து, கலுங்கு, மண்வெட்டி, என் சத்தம், எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு அழுகை வந்தது. அவள் அழவில்லை. பிள்ளையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள்.

"நீங்க விளிச்ச உடனே நின்னானா?" என்று கேட்டாள்.

"நின்னான் பிள்ளே. நிக்காம ஓடியிருந்தா தப்பியிருப்பான்."

"நான் விளிச்சா மட்டுந்தான் நிப்பான் அக்கா" என்றாள். "இந்தப் பிள்ளைக்க அப்பா விளிச்சாக் கூட நிக்க மாட்டான், ஓடிருவான்." கயிற்றைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"அப்ப உங்கள அவன் நம்பிட்டானாக்கும்."